நான்காம் வகுப்பில் ஓர் இடம்

வோபர்ன், ஸ்காபரோ
19.10.1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் சுகம். இவருக்கு மட்டும் முழங்கால் நோ. ரெஸ்ரோறன்ர் அடுப்படியில் பத்து மணித்தியாலம் நின்றால் யாருக்குத்தான் நோகாது? நீங்கள், வனஜா மச்சாள், அபிஷன் எல்லோரும் எப்படி? கல்கரியில் இப்போதே பனி கொட்டத் தொடங்கியிருக்கும். மச்சாளின் மூச்சிளைப்புக்குக் கவனம்.

ரெலிபோன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். ரெலிபோன் என்றால் நீங்கள் பேசுவீர்கள், நான் "ஓம் அண்ணா, ஓம் அண்ணா" என்று சொல்லி வைத்துவிடுவேன். பேனை பிடித்தால்தான் எனக்கு வாய் வருகிறது.

போன கிழமை துவாரகாவின் ரீச்சர் கூப்பிட்டிருந்தார். பிள்ளை நாலாம் வகுப்பில் இருக்கிறாள், வாசிப்பு இரண்டாம் வகுப்பில் நிற்கிறது என்றார். இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருஷம்தானே, பெரிய குறை இல்லை என்றும் சொன்னார். ஆனால் புதிதாக ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளைத் தனியே இருத்திச் சொல்லிக்கொடுக்கும் மிஸ் இனிமேல் கிழமையில் ஒரு நாள்தான் வருவாராம். மாகாண அரசு பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கும் காசை வெட்டுகிறது. அதோடு, பள்ளிகளை நடத்தும் அதிகாரத்தை எல்லாம் தன் கைக்கே எடுக்கிற மாதிரி ஒரு சட்டம் கொண்டுவருகிறதாம். ரீச்சர்மார் மாகாணம் முழுக்க ஸ்ரைக் செய்யப் போகிறார்கள் என்று ரேடியோ மூன்று நேரமும் சொல்கிறது.

நீங்கள் அங்கே ஏதோ புது மாதிரியான பள்ளிக்கூடம் நடத்துவதாக மச்சாள் முன்பு சொன்ன ஞாபகம். அது என்ன என்று விளக்கமாக எழுதுங்கள். அபிஷனுக்கு அந்தப் பள்ளி எப்படி?

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும் தங்கை,
யோகராணி


கல்கரி
2.11.1997

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகமே. மச்சானின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. தீபாவளிக்கு இங்கே நாற்பது பேர் கூடிச் சாப்பிட்டோம்.

நீ கேட்டது சார்ட்டர் பள்ளி. இந்த நாட்டிலேயே எங்கள் அல்பேர்ட்டா மாகாணத்தில் மட்டும்தான் இருக்கிறது. காசு அரசாங்கத்தின் காசு, நடத்துவது பெற்றோர் குழு. நான் அந்தக் குழுவின் செயலாளர். பள்ளிக்கூடத்துக்குக் கட்டணம் இல்லை. சீருடை உண்டு, ஒவ்வொரு நாளும் வீட்டுப்பாடம் உண்டு, கிழமைக்கு ஒரு சோதினை உண்டு. தாய் தகப்பன் மாதத்தில் நாலு மணித்தியாலம் வந்து பள்ளிக்கு உழைக்கவேண்டும். உங்கள் ஊரில் செய்கிற மாதிரி இங்கே பிள்ளைகள் நிலத்தில் வட்டமாக இருந்து கடதாசி வெட்டி ஒட்டுவதில்லை. முந்நூறு குடும்பம் இடத்துக்குக் காத்திருக்கிறது.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், தங்கச்சி. ஒன்ராறியோவில் தாய் தகப்பன் அழுவதும் இல்லை, கேட்பதும் இல்லை. யூனியனும் அரசாங்கமும் அடிபட, நீங்கள் வாசலில் நின்று பார்க்கிறீர்கள்.

நான் யோசித்து ஒன்று சொல்கிறேன். துவாரகாவை இங்கே அனுப்பு. என் வீட்டில் என் பிள்ளையாக இருந்து படிக்கட்டும். எட்டாம் வகுப்பு முடிய உன் கையில் ஒப்படைக்கிறேன். மச்சானோடு பேசிப்பார்.

அன்புள்ள அண்ணன்,
இரத்தினவேல்


வோபர்ன்
16.11.1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம், எனக்குத்தான் நித்திரை குறைவு. அங்கும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இரண்டு கிழமை ஸ்ரைக் முடிந்து போன திங்கட்கிழமை ரீச்சர்மார் திரும்பி வந்துவிட்டார்கள். வென்றார்களா தோற்றார்களா என்று எனக்கு விளங்கவில்லை. அந்த நாட்களில் துவாரகாவை மோர்னிங்சைட்டில் அன்ரனெற் அக்கா வீட்டில் விட்டேன். நீங்கள் அவரைக் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் கொன்வென்ரில் ஆங்கிலம் படிப்பித்தவர், இங்கே கோப்பிக்கடையில் வேலை. ஒருநாள் பள்ளி வாசலில் அந்த ஆங்கில மிஸ் ஸ்ரைக் வாசகம் எழுதிய மட்டையோடு குளிரில் நின்றார். ஃபிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் பிள்ளைக்காகத்தான் நிற்கிறேன் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து ரேடியோவைப் போட்டால் அரசாங்கமும் பிள்ளைகளுக்காகத்தான் இதெல்லாம் என்கிறது. ஆளாளுக்குப் பிள்ளைக்காகத்தானாம். பிள்ளை ரீவி பார்த்துக்கொண்டு இருந்தாள்.

உங்கள் கடிதத்தை அன்ரனெற் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன், கோபிக்கவேண்டாம். அவர் சொன்னது இது: "கெட்டிக்காரப் பிள்ளையளை மட்டும் வைச்சிருந்தால் எந்தப் பள்ளிக்கூடமும் நல்ல பள்ளிக்கூடம்தான். மிச்சப் பிள்ளையள் எங்க போறது, யோகராணி?"

இவர் அரை மனதாக இருக்கிறார். "ஒன்பது வயசுப் பிள்ளையை மூவாயிரம் கிலோமீற்றர் அனுப்பிப்போட்டு நீ இஞ்ச ஃபக்டரியில பெட்டி அடுக்குவியோ?" என்று கேட்கிறார். நானும் கால் மனதுதான். ஆனால் அவள் வாசிக்கத் தெரியாமலே வளர்ந்துவிடுவாளோ என்று நினைத்தால் அந்தக் கால் மனது முழு மனதாகிறது.

அபிஷன் எப்படிப் படிக்கிறான் என்று கேட்டிருந்தேன், எழுத மறந்துவிட்டீர்கள். அவனுக்கும் நாலாம் வகுப்புத்தானே. இருவரும் ஒரே வகுப்பில் இருப்பார்களா?

தங்கை யோகராணி


கல்கரி
7.12.1997

அன்புத் தங்கச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல். நான்காம் வகுப்பில் ஓர் இடம் எதிர்பாராமல் காலியாகியிருக்கிறது. காத்திருப்போர் பட்டியலுக்கு முன்பாகக் குழு உறுப்பினரின் குடும்பத்துக்கு உரிமை உண்டு. படிவம் இத்துடன் இருக்கிறது. பிள்ளை தன் கையால், தன் யோசனையில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பக்கமும் வைத்து அனுப்பவேண்டும். தை பதினைந்துக்கு (15.1.1998) முன் கிடைக்கவேண்டும். பிந்தாதே.

உன் சிநேகிதியிடம் சொல், பள்ளிக்கூடம் சத்திரம் இல்லை.

அபிஷன் சுகம்.

அண்ணன் இரத்தினவேல்


வோபர்ன்
5.1.1998

அன்புள்ள அண்ணாவுக்கும் மச்சாளுக்கும் புதுவருஷ வாழ்த்து. இங்கே துவாரகாவுக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்து மாறிவிட்டது. மச்சாளுக்கு இளைப்பு எப்படி?

படிவத்தை நிரப்பி இத்துடன் அனுப்புகிறேன். துவாரகா எழுதிய பக்கமும் இருக்கிறது. 'ஒரு குடையின் சுயசரிதை' என்று எழுதியிருக்கிறாள். எழுத்து வடிவாக இருக்கிறது என்று அன்ரனெற் அக்காவும் சொன்னார்.

இந்த மாதத்தில் இருந்து இந்த மாநகரத்துப் பள்ளிகளை நடத்தும் கல்விச் சபைகள் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டார்கள். எங்கள் பள்ளிக்குப் போய் ஒரு கேள்வி கேட்டால், "இனி யாரிட்டக் கேக்கிறது எண்டு எங்களுக்கே தெரியாது" என்கிற மாதிரி அலுவலகத்துப் பெண் கையை விரிக்கிறார். பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கூடங்களை மூடப்போகிறார்கள் என்று ஒரு கதை. எங்கள் பள்ளியும் அதில் இருக்கிறதாம், இல்லையாம். ஃபக்டரியில் பெட்டிகளில் தப்பாக லேபிள் ஒட்டி நேற்று ஏச்சு வாங்கினேன். யோசனை எல்லாம் இதிலேதான்.

அபிஷனின் ரிப்போர்ட் வந்திருக்குமே? நல்ல புள்ளிகளா? கிறிஸ்மஸ் அன்று ரெலிபோன் எடுத்தபோது அவனோடு பேசக் கேட்டேன், மச்சாள் அவன் குளிக்கிறான் என்றார். ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்தபோதும் குளித்துக்கொண்டிருந்தான். என் மருமகன் மீனாகிவிட்டானோ?

தங்கை யோகராணி


கல்கரி
1.2.1998

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். மகிழ்ச்சியான செய்தி. துவாரகாவுக்கு இடம் கிடைத்துவிட்டது!

அந்தக் குடைக் கட்டுரையை அதிபர் குழுக் கூட்டத்தில் உரத்து வாசித்தார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இப்படி ஒரு கற்பனையா என்று ஒரு தாய் கண்ணைத் துடைத்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பங்குனி 28 (28.3.1998), சனிக்கிழமை விமானச் சீட்டு எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வகுப்பு. சீருடைக்கு அளவு அனுப்பு. பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசிக் கார்டும் கையோடு வரவேண்டும். பிள்ளையிடம் இனித் தமிழில் பேசாதே, வாசிப்புக்கு நல்லது.

அண்ணன் இரத்தினவேல்


வோபர்ன்
10.2.1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். நான் சுகமில்லை அண்ணா. சீட்டைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். ஒன்று சொல்லவேண்டும், சொன்னபிறகு என்னை ஏசுங்கள்.

அந்தக் குடை துவாரகாவின் குடை இல்லை. அன்ரனெற் அக்கா தான் ஊரில் படிப்பித்த கட்டுரையை நினைவில் இருந்து சொல்ல, நான் எழுதி எடுத்து, பிள்ளையைப் பதினொரு தரம் பார்த்தெழுதிப் பாடமாக்க வைத்தேன். பிறகு பாராமல் எழுதினாள். தன் கையால் எழுதியது உண்மை. நாங்கள் எல்லோரும் சோதினைக்கு இப்படித்தானே போனோம்? அதனால் அது பிழை என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. பிள்ளையின் சொந்த யோசனை என்று படிவத்தில் போட்டிருந்ததை, 'சுத்தமாக எழுதவும்' என்று போடுவார்களே, அந்த மாதிரி நினைத்துவிட்டேன். அந்தத் தாய் கண்ணைத் துடைத்தார் என்று நீங்கள் எழுதியதை வாசித்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

நேற்று அவளை இருத்தி, "சப்பாத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுது பிள்ளை" என்றேன். கனநேரம் பென்சிலைக் கடித்தாள். பிறகு எழுதினாள்: "ஐ ஆம் அன் அம்பரெல்லா." எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "அம்மா, எனக்கு இது ஒண்டுதானே தெரியும்" என்றாள்.

இப்போது எனக்கு ஒரேயொரு கேள்விதான். கிழமைக்கு ஒரு சோதினை என்றீர்கள். பின்தங்குகிற பிள்ளையை அந்தப் பள்ளி என்ன செய்யும்? கூட வைத்திருந்து சொல்லிக்கொடுப்பார்களா? அவளை அங்கே அனுப்பி, அவர்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் பிள்ளை உடைந்துபோவாள். உண்மையை எழுதுங்கள் அண்ணா. அபிஷனைப் பற்றியும் எழுதுங்கள். அவனைப் பார்த்து நான் மனதைத் தேற்றிக்கொள்வேன்.

தங்கை யோகராணி


கல்கரி
12.3.1998

அன்பான மச்சாள் யோகராணிக்கு,

நீரும் பிள்ளையும் அவரும் சுகமாக இருக்கவேண்டும். எனக்கு இளைப்புப் பரவாயில்லை. உமது அண்ணருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நீர் மாசியில் எழுதின கடிதம் அவருடைய மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. பதில் எழுத மூன்று தரம் இருந்தார், மூன்று தரமும் எழும்பிப் போனார். நாள் நெருங்குகிறது, இனி நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது பாவம்.

துவாரகாவுக்குக் கிடைத்த இடம் அபிஷனின் இடம்.

அவனுக்கு எழுத்து மாறி மாறித் தெரிகிறது. கணக்கு நன்றாகச் செய்வான், வாசிக்கச் சொன்னால் வியர்த்துவிடும். பள்ளியில் அதற்கு உதவி செய்ய ஆள் இல்லை. இரண்டு தவணைச் சோதினையில் பின்தங்கினால் பிள்ளையைப் பெற்றோர் விலக்கிக்கொள்ளவேண்டும் என்று அங்கே ஒரு விதி. கார்த்திகைக் கடைசியில் விலக்கினோம். இப்போது எங்கள் தெருவில் இருக்கிற அரசாங்கப் பள்ளிக்குப் போகிறான். கேள்வி கேட்காமல் எடுத்தார்கள். அங்கே ஒரு கிழவி, முன்னாள் ரீச்சராம், சும்மா வந்து அவனோடு வாசிக்கிறா. நடந்தால் ஐந்து நிமிஷம். உமது அண்ணர் காரில் ஊரைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பின்வாசலில் இறக்கிவிடுகிறார், எங்கட சனம் கண்டுவிடும் என்று. நீர் ரெலிபோன் எடுக்கிற நேரமெல்லாம் பிள்ளை குளித்த கதையும் அதுதான். அவனை நானே பொய்யனாக்குகிறேன் என்று எனக்கு வெட்கமாக இருக்கிறது.

துவாரகாவுக்காகத் தன் அறையில் பாதியை ஒதுக்கி வைத்திருக்கிறான். நேற்று என்னிடம் கேட்டான்: "அம்மா, துவாரகா ஸ்மார்ட்டா? அவவைப் போகச் சொல்லமாட்டினம்தானே?"

நீர் யோசித்துச் செய்யும். அவரைக் கெட்டவர் என்று நினைக்கவேண்டாம். அவர் சாப்பாட்டையே மறந்து திரிகிறார்.

அன்புள்ள மச்சாள்,
வனஜா


வோபர்ன்
19.3.1998

அண்ணாவுக்கு,

மச்சாளுக்கும் அபிஷனுக்கும் என் அன்பு. யார் எனக்குச் சொன்னது என்று வீட்டில் விசாரிக்கவேண்டாம்.

துவாரகாவை அனுப்பமாட்டேன். சீட்டை இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன்.

அபிஷன் எப்படி என்று நான்கு கடிதத்தில் கேட்டேன். ஒன்றில் சுகம் என்று எழுதினீர்கள், மற்றவற்றில் அதுவும் இல்லை. என் பிள்ளை வாசிக்கமாட்டாள் என்று நான் உங்களுக்கு முதல் கடிதத்திலேயே எழுதினேன். தெரிந்துகொண்டும் உங்கள் பிள்ளை விழுந்த அதே கிணற்றடிக்கு என் பிள்ளையைக் கூப்பிட்டீர்கள். உங்களை நினைத்து அழுவதா, உங்களோடு சண்டை பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்துகொண்டிருக்கிறேன். இதற்கு முன்னால் உங்களுக்கு நான் இப்படி எழுதியதில்லை.

இங்கே எல்லாம் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. அவளின் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். அந்த மிஸ் புதன்கிழமை மட்டும் வருகிறார், அடுத்த வருஷம் அதுவும் நிச்சயமில்லை. பள்ளியை மூடுவார்களா என்று ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை. பயம் எனக்கு ஒரு சொட்டும் குறையவில்லை. ஆனால் இங்கே அவளை எழும்பிப் போ என்று யாரும் சொல்லமுடியாது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு நான் இங்கேயே மற்றதுக்காகச் சண்டை பிடிக்கிறேன். போன செவ்வாய் பெற்றோர் கூட்டத்துக்குப் போய், என் ஆங்கிலத்தில், மிஸ்ஸை இரண்டு நாளாவது தாருங்கள் என்று கேட்டேன். சிரித்தார்கள் என்று நினைக்கிறேன். பரவாயில்லை, அழுத பிள்ளைதானே.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. குழுவில் நீங்கள் செயலாளர். அபிஷனைப் போகச் சொன்னது யார்? அந்த நேரம் நீங்கள் ஏன் வாய் திறக்கவில்லை?

யோகராணி


கல்கரி
26.4.1998

அன்புத் தங்கச்சிக்கு,

நீயும் மச்சானும் துவாரகாவும் சுகமாக இருக்கவேண்டும். இங்கே உன் மச்சாளுக்கு இளைப்புக் கூடி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து நேற்றுத்தான் விட்டார்கள். அபிஷனை இப்போது முன்வாசலால் நடந்து போகவிடுகிறேன். உன் கடிதம் வந்து ஐந்து கிழமை. ரெலிபோன் எடுத்திருக்கலாம், எடுத்தால் நான்தானே பேசுவேன்.

குடையை நான் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். ஊரில் நான் படித்த பள்ளிக்கூடத்திலும் அதே குடைதான். துவாரகா எழுதியது இல்லை என்று தெரிந்துகொண்டுதான் கூட்டத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். பள்ளியில் பிள்ளை இல்லாதவன் இந்த வருஷம் முடிந்தபின் குழுவில் இருக்கமுடியாது. அது ஒரு காரணம், சின்னக் காரணம். பெரிய காரணம், எங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றாவது அங்கே நின்றுபிடித்தது என்று சனம் சொல்லவேண்டும். அதற்கு உன் பிள்ளையைக் கேட்டேன். மன்னித்துக்கொள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அபிஷனைப் போகச் சொன்னது யார் என்று கேட்டாய். யாரும் சொல்லவில்லை. அங்கே யாரையும் போகச் சொல்வதில்லை. பெற்றோர் தாங்களாகவே விரும்பி விலக்கிக்கொள்வதாக ஒரு தாள் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த விதியை முதல் வருஷம் கூட்டத்தில் முன்மொழிந்தது நான். ஒரு வகுப்பில் பின்தங்கிய பிள்ளை ஒன்று இருந்தால் இருபது பிள்ளைகள் காத்திருக்கவேண்டும் என்று அரை மணித்தியாலம் பேசினேன். கைதட்டினார்கள். அன்று எனக்கு மனதில் இருந்தது மற்றவர்களின் பிள்ளைகள். அபிஷன் அப்போது இரண்டாம் வகுப்பு, அவனும் பின்தங்குவான் என்று நான் நினைக்கவில்லை.

போன வியாழன் கூட்டத்தில் அந்த விதியை நீக்கவேண்டும் என்று கேட்டேன். வழிமொழிய ஒருவர்கூட இல்லை. பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தட்டி, உங்கள் கவலை விளங்குகிறது என்றார். வீட்டுக்கு வந்து, குழுவில் இருந்து என் விலகல் கடிதத்தை எழுதினேன்.

ஏன் வாய் திறக்கவில்லை என்றும் கேட்டாய். கார்த்திகையில் அந்தத் தாளை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடியில் கையெழுத்துக்கு இரண்டு கோடு இருந்தது. ஒன்று தகப்பனுக்கு, ஒன்று செயலாளருக்கு. அபிஷன் மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா, ரெண்டு இடத்திலயும் நீங்களா?" என்று கேட்டான். ஓம் என்றேன்.

நான் முதலில் கையெழுத்து வைத்தது செயலாளரின் கோட்டில்.

அண்ணன்,
இரத்தினவேல்